துண்டுக்குள் சொன்னது

கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடைக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இயந்திரம் வந்து இறங்கியதும், செல்வப்பிரியாவுக்கு வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் இயந்திரம் இருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. டாக்டர் இன்பமேரி பாலக்காட்டில் இருந்தபடி திரையில் நோயாளியைப் பார்ப்பார். சீட்டு நேராக இயந்திரத்துக்கு வரும், பச்சை விளக்கு எரியும். பார்மசிஸ்ட் பொத்தானை அழுத்தினால் மாத்திரை தட்டில் விழும். விழுந்து விழுந்து பார்மசி படித்ததெல்லாம் கடைசியில் பொத்தான் அழுத்தவா என்று நினைக்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியோடு பேசினால் வரிசை தேங்கும், பேசக் கூடாது என்பது மேனேஜர் ஜோபியின் கட்டளை.

அன்றைக்குச் சின்னையன் வந்தார். மாட்டுத் தரகர். பொள்ளாச்சிச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறவர். ஒரு துண்டுக்குள் பேசியதை இன்னொருத்தர் காதில் போட மாட்டார். அந்த நாணயத்தில்தான் அவர் பிழைப்பே ஓடியது. முட்டி வீங்கி, நொண்டிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் வலி மாத்திரை எழுதியாயிற்று, பச்சையும் எரிந்தது.

பொத்தானுக்குப் போன விரலைச் செல்வப்பிரியா பின்னுக்கு இழுத்தாள். தட்டை நோக்கி நீண்ட அவர் கைகள் இரண்டிலும் திட்டுத் திட்டாய் நீலம் பாய்ந்திருந்தது.

“ஏனுங்கய்யா, கையில என்னங்க?”

“மாடு முட்டிருச்சு அம்மிணி.”

“ரெண்டு கையிலயுமா?”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுச் சிரித்து மழுப்பினார். சிரித்தபோது ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வேறெங்கோ மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது. அதோடு இதுவும் சேர்ந்தால் குடலுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், ஆளே போய்விடுவார்.

“வேற டாக்டர்கிட்ட மருந்து வாங்கறீங்களா?”

“இல்லீங்க.”

டாக்டர் கேட்டதற்கும் இதே ‘இல்லை’தான் பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டில் வாங்கும் மருந்து எதுவும் இந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

வரிசை நகராததைப் பார்த்து ஜோபி வந்தான். “பச்சை வந்தல்லோ, எந்தா நிறுத்தி வெச்சது? கொடுத்து விடு.”

“குடுக்க மாட்டேன்.”

“சிஸ்டம் சரின்னு சொல்லுது.”

“சிஸ்டத்துக்கு அவரு பல்லு தெரியாதுங்க சார். எனக்குத் தெரியுது.”

“நான் ஹெட் ஆபீசுக்கு எழுதுவேன்.”

“தாராளமா எழுதுங்க. எம்பேரைப் பிழையில்லாம எழுதுங்க.”

இயந்திரத்தை அணைத்தாள். அதன் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் அடுத்து நின்ற மாந்தோப்புக்காரி மருதாத்தாள், “அங்க மாங்கா லாரி காத்துக் கெடக்குது, இங்க இவளொருத்தி” என்று முணுமுணுத்தாள். செல்வப்பிரியா காதில் வாங்கவில்லை. சின்னையனின் தோளிலிருந்த துண்டை உருவித் தன் கைமேல் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

“வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. ஆமான்னா எம் விரலைப் புடிங்க. இல்லைன்னா விட்டுருங்க.”

சின்னையன் ஜோபியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். விரித்த துண்டைக் கண்டு சும்மா நிற்கிற தரகர் உண்டா? கை தானாக உள்ளே போயிற்று.

அவள் குரலைத் தணித்தாள். “பொள்ளாச்சியில டாக்டரைப் பாக்கறீங்களா?”

விரலைப் பிடித்தார்.

“இருதயத்துக்கா?”

பிடித்தார்.

“அடிக்கடி ரத்தம் சோதிக்கச் சொன்னாங்களா?”

பிடித்தார்.

“சோதிச்சீங்களா?”

விட்டுவிட்டார்.

பிறகு இடுப்புப் பைக்குள் துழாவி, ஒரு மாத்திரை அட்டையைத் துண்டுக்கடியிலேயே அவள் உள்ளங்கையில் வைத்தார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வார்ஃபரின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. நினைத்தது சரிதான்.

“இந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லட்டுங்களா?”

“பொள்ளாச்சி டாக்டரு மருந்தைத் தின்னுட்டு இந்தம்மாகிட்ட வந்தேன்னு தெரிஞ்சா, ரெண்டு பேரும் சங்கடப்படுவாங்களே அம்மிணி.”

“உங்க உசுரு பெருசுங்களா, அவுங்க சங்கடம் பெருசுங்களா?”

அவர் சரியென்று தலையை ஆட்டினார். திரை இருக்கும் அறைக்குள் பார்மசிஸ்ட் போகக் கூடாது என்பதும் ஒரு கட்டளைதான். அவள் போனாள். டாக்டர் இன்பமேரி முதலில் முகம் சுளித்தார். அட்டையைத் திரைக்கு நேராகப் பிடித்து, கையையும் ஈறையும் பற்றிச் சொன்னதும் அந்தச் சுளிப்பு போய்விட்டது.

“கேட்டேனே, இல்லைன்னாரே! அப்போ முட்டியில இருக்கறதும் ரத்தமாவே இருக்கலாம். அந்த மாத்திரையைக் குடுத்திடாதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, நான் அங்க சொல்லி வெக்கறேன். பொள்ளாச்சி டாக்டர்கிட்ட யார் பேசறது?”

“நான் பேசறனுங்க.”

“பேசிட்டு எனக்கும் சொல்லுங்க. இனிமே சந்தேகம்னா நேரா உள்ள வாங்க.”

சின்னையனை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். ஜோபி கண்ணாடி அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். “எல்லாம் முடிஞ்சல்லோ? இனி உள்ளே இரு.”

உள்ளே போனாள்; நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“இனிமே என் இடம் இதுங்க சார். பேசிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். இதையும் சேத்து எழுதிக்குங்க.”

ஜோபி வாயைத் திறப்பதற்குள் மருதாத்தாள் முன்னால் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முந்தானையைக் கைமேல் போட்டு, செல்வப்பிரியாவிடம் நீட்டினாள்.