கேசுத் தண்ணி

கணபதிப் பகுதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் பாலகோபாலின் வீட்டுக் கணினியில், படங்களை எல்லாம் அழித்த பிறகும் அவர் மகள் பிரீத்திகாவுக்குத் தலைமுடி வளர்ந்துகொண்டிருந்தது. சித்திரையில் தோளோடு நின்றிருந்தது, ஆடியில் இடுப்பைத் தொட்டது. முடி ஈரமாகவும் இருந்தது. அந்த வருடம் தக்காளி விலை ஏறியதை எங்கள் தெரு சத்தமாகப் பேசியது. இதை மெதுவாகப் பேசியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரீத்திகா ஊரில் இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டறையில் லேத் ஓட்டிய அன்புமணியோடு போனாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் தாத்தாவும் அப்பாவும் பாலகோபால் குடும்பத்தின் சோளக்காட்டில் கூலி வாங்கியவர்கள் என்பதால், அவள் போனதை விட யாரோடு போனாள் என்பதே வீட்டில் பெரிதாக இருந்தது. தேடிப் போன பாலகோபாலும் மகன் கிஷனும் மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெண் கொச்சியில் சுகமாக இருக்கிறாள், இனித் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள் என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. அடுத்த வாரமே உக்கடம் பேருந்து நிலையத்தில் அன்புமணி மொட்டைத் தலையோடு தனியாக நின்றதைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் உண்டு. பார்த்ததைப் பாலகோபால் மனைவி ராமாமணியிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. அவர் பாட்டுக்கு மகளின் பழைய எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். ஆள் பேசாவிட்டாலும் நம்பர் சாகக்கூடாது என்பது அவர் கணக்கு.

பீளமேட்டில் கிஷனுக்குப் பெண் அமைந்தது. பெண் பெயர் ஷ்ரவ்யா, நல்ல இடம். அவர்களிடம் ஒரே பிள்ளை என்று சொல்லியாகிவிட்டது. நிச்சயதார்த்த மண்டபத்தில் பெரிய திரை வைத்து, கிஷன் தவழ்ந்தது முதல் பட்டம் வாங்கியது வரை காட்ட வேண்டும் என்று பாலகோபாலுக்கு ஆசை. அதனால் கிஷன் கணினி முன் உட்கார்ந்து, தங்கை இருந்த படங்களை அழித்தான், குடும்பப் படங்களில் அவளை மட்டும் வெட்டி எடுத்தான். வேலை சுத்தமாகத்தான் முடிந்தது. ஆனால் படங்களை அடுக்கிவைக்கும் மென்பொருளைத் திறந்தால், வரிசையாக வரும் நகத்தளவுப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் நின்றாள். சொடுக்கிப் பெரிதாக்கினால் இல்லை. மூடினால் மறுபடி இருந்தாள். கூடவே, ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, மூடித் திற, சரியாகிவிடும் என்று ஓர் அறிவிப்பும் வந்தது. மூடித் திறந்தால் அதே அறிவிப்பு வந்தது.

பேக்கரிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்தும் மெர்சியைக் கூப்பிட்டார்கள். மெர்சிக்குக் கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். அவள் விளக்கியது இதுதான்: ஒவ்வொரு தடவையும் பெரிய படத்தைத் திறக்க நேரமாகும் என்று மென்பொருள் சின்னச் சின்ன நகல் எடுத்துத் தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளும்; அந்த இடத்துக்குப் பெயர் கேஷ். அசல் போனது அதற்குத் தெரியாமல் பழைய நகலையே காட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் கேஷ் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையாது. கேசு என்றார்கள், மெர்சியும் அப்படித்தான் சொன்னாள். அவள் மென்பொருளை மூடி, கேசு இருந்த கோப்புறையை அடியோடு அழித்து, நகல்களைப் புதிதாக எடுக்க விட்டாள். மறுநாள் காலையில் பிரீத்திகா இன்னும் கொஞ்சம் நனைந்து நின்றாள். மெர்சி வைரஸ் தடுப்பானின் மேல் பழி போட்டு அதை நீக்கிப் பார்த்தாள். கேசைப் புது டிஸ்குக்கு மாற்றினாள்; புது டிஸ்க் ஒரே வாரத்தில் துருப்பிடித்தது. பெட்டியைக் கழற்றினால் ஃபேனுக்கு அடியில் ஆற்று மணலும், விரல் நீளக் கெண்டைக் குஞ்சு ஒன்றும் கிடந்தன. குஞ்சுக்கு உயிர் இருந்தது. மெர்சி அதை ஒரு டம்ளரில் விட்டுவிட்டு, தூசு துடைத்ததற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு போனாள். மேஜையில் சொட்டிய தண்ணீருக்கு மொட்டைமாடித் தொட்டியின் மேல் பழி விழுந்தது. ராமாமணி அடியில் ஒரு போசிப் பாத்திரத்தை வைத்தார்.

பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்றும் மெர்சி கணினி அறையில்தான் இருந்தாள். ஹாலில் பாலகோபால் தன் பம்புகள் எத்தனை அடி ஆழத்திலிருந்தும் தண்ணீரைத் தூக்கும் என்று சம்பந்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ராமாமணி மைசூர்பாகுத் தட்டோடு வந்தார். அதே நேரத்தில் மெர்சி ஈரக் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தக் கேசு மறுபடியும் வந்துருச்சுங்க. க்ளோஸ் பண்ணிப்போட்டாலும் தானா ஓப்பன் ஆயிருதுங்க."

பாலகோபாலுக்குப் பேச்சின் நடுவில் யாராவது குறுக்கிட்டால் பிடிக்காது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கேசு? அதைத்தான் சத்தியமங்கலத்துல ஆத்தோட முடிச்சுப்போட்டமே. ஏங் கிஷா?"

கிஷன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். ராமாமணி தட்டைக் கீழே வைத்தார். ஒரு துண்டு மைசூர்பாகுகூட நகரவில்லை.

"கொச்சின்னு சொன்னீங்க" என்றார்.

பாலகோபால் தட்டைச் சம்பந்தி பக்கம் தள்ளினார். பெண்ணின் மாமா சீனிவாசலு, எதையும் நல்லபடியாக எடுத்துக்கொள்ளும் மனிதர், "சத்தியமங்கலத்துல நெலம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க" என்றார் பாலகோபால். "குடுத்துட்டோம்."

ராமாமணி கணினி அறைக்குப் போனார். மெர்சி பின்னாலேயே போய், "அக்கா, க்ளியர் பண்ணிப்போடட்டுங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே புரிந்ததாகப் பின்னால் சொன்னாள்.

"வேண்டாங் கண்ணு. தலை தொவட்டாம எத்தனை நாளா நிக்கறாளோ" என்று ராமாமணி முந்தானையால் திரையைத் துடைத்தார். முந்தானை பிழியப் பிழிய நனைந்தது. அந்த மாதம் அவர் ரீசார்ஜ் செய்யவில்லை.

முடித்தது எதை என்று தெருவில் கொஞ்ச நாள் அலசினார்கள். கேசை என்றார்கள் சிலர். போலீசில் கேசே போடவில்லையே என்றார்கள் மற்றவர்கள். அதற்கு மேல் அலச யாரும் தயாராக இல்லை, புகார் எழுதிக் கொடுக்கவும் யாருக்கும் கை வரவில்லை. குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது, சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆல்பம் வந்தபோது மணவறை, தாலி கட்டு, பந்தி என்று ஒவ்வொரு படத்திலும் வரிசையில் மூன்றாவதாகப் பிரீத்திகா நின்றாள், காலடியில் மண்டபத்துக் கம்பளம் நனைந்து கறுத்திருந்தது. போட்டோக்காரர் மூன்று முறை அச்சடித்துப் பார்த்துவிட்டு, கேசு என்று சொல்லி ஆல்பத்தைக் கொடுத்துவிட்டார். புதுப்பெண் ஷ்ரவ்யா ஆல்பத்தைப் பிரிக்கும்போது மடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளப் பழகினாள்.

போசி போய் அண்டா வந்தது. கோடையில் மாநகராட்சிக் குழாய் காற்றை மட்டும் விட்ட வாரங்களில், ராமாமணி முன்கதவைத் திறந்து வைத்தார், எங்கள் தெரு குடங்களோடு போய் நின்றது. கேசுத் தண்ணி என்று பெயர். பருப்பு சீக்கிரம் வெந்தது, காப்பிக்கும் பொருத்தமாக இருந்தது. எந்த ஆற்றுத் தண்ணீர் என்று வரிசையில் யாரும் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர் ஒரு குடம் அதிகமாகப் பிடித்தால்தான் சண்டை. பம்ப் விற்கும் வீட்டில் மோட்டாரே போடாமல் தண்ணீர் வருவதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள்.

ராமாமணி புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் தினமும் காலையில் முதல் டம்ளரை அவருக்குத்தான் மொண்டு வைக்கிறார், வீட்டில் வேறு தண்ணீர் கிடையாது. பாலகோபால் சன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தில் டம்ளரைச் சாய்த்துப் பார்க்கிறார். நீளமாக ஒரு முடி கிடந்தால், எடுத்துச் சன்னல் கம்பியில் சுற்றிவிட்டு, மீதியைக் குடித்துப் பட்டறைக்குக் கிளம்புகிறார். அந்தச் சன்னலில் இப்போது கம்பி தெரிவதில்லை.