தனிச் சட்டி

சென்னகேசவனை ஐஸ் பெட்டிக்குள் வைத்தபோது கூடத்தில் இருந்தவர்கள் அண்ணன் வெங்கடபதி, மனைவி ரங்கநாயகி, மகன் சாய்சரண், மருமகள் சைத்ரா. பெட்டி கொண்டுவந்த ஆட்கள் வெளியே போனதும் வெங்கடபதி கதவைச் சாத்தினார்.

"யாரு கேட்டாலும் ஊட்லதான், தூக்கத்துல போயிட்டான்னு சொல்லோணும்."

"கடையில அத்தன பேரு பாத்தாங்க, பெரியப்பா" என்றான் சாய்சரண்.

"பாத்துட்டுப் போறாங்க. மில்லு நடத்துன குடும்பம். இவன் போத்தனூர் ரோட்டுல, பிளாஸ்டிக் சேர்ல, நூடுல்ஸ் தட்டு முன்னால செத்தான்னு என் வாயால சொல்லுவனா? ஊட்ல சோறு போடலையான்னு உம் பொண்டாட்டியத்தான் கேப்பாங்க."

சைத்ரா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். வெங்கடபதி பந்தலில் முதுகு சாயாமல் உட்கார்ந்து எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். தூக்கத்தில், வலியில்லாமல். தலையாட்டிவிட்டு உள்ளே போனவர்கள் சைத்ராவை உற்றுப் பார்த்தார்கள்.

காரணம், பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாளின் பேச்சில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனாலும் கேட்டது.

"நேத்து புரட்டாசி சனிக்கெழம பாருங்க. பெருமாளக் கும்பிடற குடும்பம். கோழி நூடுல்ஸ வாயில வெச்சபடியே போயிட்டாராம். மருமவ ஆக்கிப் போட்டா மனுசன் ஏன் கடைக்கு ஓடறாரு?"

வெங்கடபதி எழப்போய், மறுபடி உட்கார்ந்தார். கோழி இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கடையை ஒப்புக்கொள்ள வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவன் எதைத் தின்றிருக்க முடியும்? தம்பி கடைசியாக என்ன தின்றான் என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்கப் பயந்தார்.

அப்போது ஒருவன் மாலையோடு வந்தான். மற்றொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய இரும்புச் சட்டி.

"ஏனுங்க, சென்னகேசவன் ஐயா ஊடு இதானுங்களா? நூடுல்ஸ் கடை தனபாலுங்க."

"மெதுவாப் பேசப்பா. என்ன இது?"

"ஐயாவோட சட்டிங்க. போன புரட்டாசிக்கு அவரே வாங்கியாந்து குடுத்தாரு. 'எனக்கு இதுல மட்டுந்தான் போடோணும், முட்ட பட்டுச்சுன்னா உங்கடைய இழுத்து மூடிப்போடுவேன்'னாரு. அடுப்புப் பக்கத்துலயே நின்னு பாப்பாருங்க. மத்த கஸ்டமருங்க 'சாமி வந்துட்டாரு, சட்டிய எடுங்கப்பா'ன்னு கேலி பண்ணுவாங்க. அவரு உடுவாருங்களா? 'உந்தட்டுல கோழிக்காலு எட்டிப் பாக்குது, அந்தப் பக்கம் திரும்பித் தின்னுடா'ம்பாரு."

வெங்கடபதி அவன் பக்கம் குனிந்தார். "நேத்து என்ன தின்னான்?"

"வெஜ்ஜுதானுங்க. முட்டக்கோசு, கேரட்டு, மொளகு தூக்கலா. 'மருமவ நல்லாத்தான் சமைக்குது, ஆனா டாக்டர் சொன்ன உப்புக்கு மேல ஒரு கல்லு போடமாட்டேங்குது'ன்னு சிரிச்சாருங்க. ரெண்டு வாய் வெச்சாரு. 'தனபாலு, நீயும் டாக்டர்கிட்டப் போனியா, உப்புப் பத்தல'ன்னாரு. நான் சாஸ் எடுத்துட்டு வாரதுக்குள்ள சாஞ்சுபோட்டாருங்க."

பந்தலில் எல்லோரும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். ரங்கநாயகி நிலைப்படிக்கு வந்து நின்றாள். கணவனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் பேசுவது அபூர்வம்.

"பாவா, அத வாங்கிக்குங்க."

வெங்கடபதி இரண்டு கைகளாலும் வாங்கினார். தாளைப் பிரித்தார். சட்டி தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசப்பட்டிருந்தது. அதைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டுச் சுப்பாத்தாள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்தார். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"தூக்கத்துல இல்லீங்க, அம்மணி. கடையிலதான் போனான். கோழி இல்ல. வெஜ்ஜு."