சிவப்புத் துணி கட்டிய மரம்

எங்கள் சூளையின் வாயில் ஒரு முறத்தை நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அகலம். விறகு அதற்குள்தான் போகவேண்டும். அதற்காக என் வீட்டுக்காரர் தேவநாதன் வாங்கிவந்த மரம், டிராக்டர் டிரெய்லர் முழுக்கப் படுத்தது போதாமல் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. பட்டுப்போன வேப்பமரம். கிளைகளை எல்லாம் யாரோ முன்பே கழித்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் வெறும் அடிமரம். கட்டிப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

"என்னங்க இது?" என்றேன்.

"வெறகு" என்றார்.

அவர் அப்படித்தான். வாயைத் திறந்தால் மழை வந்துவிடும் என்று நினைப்பவர். அந்த வருஷம் அவர் வாயைத் திறக்காமலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. 2005 ஐப்பசி. விருத்தாசலத்தில் விறகுத் தொட்டிக்காரர்களிடம் இருந்த முள்ளுக்கட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் பட்டறை. எண்ணெயில் எரியும் சூளைக்கெல்லாம் எங்களுக்கு வக்கில்லை, விறகுச் சூளைதான். கார்த்திகைக்குப் போகவேண்டிய விளக்குகளைப் பச்சையாக உள்ளே அடுக்கிவைத்துவிட்டு, எரிக்க விறகில்லாமல் உட்கார்ந்திருந்தோம். பச்சை மண்ணுக்கு ஈரம் ஆகாது. இன்னும் கொஞ்ச நாள் போனால் விளக்கெல்லாம் ஊறி உட்கார்ந்துவிடும். கார்த்திகை தாண்டினால் அதை யாரும் சீண்டமாட்டார்கள்.

விளக்கு போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. நாங்கள் ஊரில் இருப்பதா போவதா என்பதே அந்தச் சூளையில்தான் இருந்தது. திருப்பூரில் இருக்கும் என் நாத்தனார் பெரியநாயகி, பனியன் கம்பெனியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தார். ரூமும் பார்த்தாகிவிட்டது. பாத்ரூம் பொது என்பதைக்கூட ஒரு வசதி மாதிரி போனில் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "இந்தச் சூளையை எடுத்துட்டா இங்கயே இருப்போம். எடுக்க முடியலன்னா கெளம்புவோம்." சரி என்று தலையாட்டினேன். என் கையால் பிசைந்த மண்ணை விட்டுவிட்டு ஊரான் ஜட்டிக்கு எலாஸ்டிக் தைப்பதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த நிலைமையில்தான் மனிதர் நல்லூர் வரைக்கும் போய், முறத்தளவு வாய்க்கு இந்த மரத்தைக் கொண்டுவந்து இறக்குகிறார். திருப்பூர் போக முடிவு பண்ணிவிட்டார், அதை என்னிடம் மரமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மரம் கேட்டுக்குள் திரும்பவில்லை. டிராக்டர் ஓட்டிவந்த தனக்கோடி முன்னே போய்ப் பின்னே வந்து பார்த்துவிட்டு, சந்திலேயே சுவர் ஓரமாக உருட்டிவிட்டுப் போய்விட்டான். நீட்டிக்கொண்டிருந்த முனையில், பின்னால் வருகிற வண்டிக்காரன் மோதாமல் இருக்கச் சிவப்புத் துணி கட்டியிருந்தான். அதை அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கவில்லை. மழையில் யார் போய் நனைவது.

காலையில் போய்ப் பார்த்தால் துணிக்கு மேலே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

வைத்தது ஆராயி. சந்து முனையில் இட்லிக்கடை போட்டிருப்பவள். அவள் கடைச் சட்னியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவளுக்குப் பக்தி உண்டு. விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்க வந்திருக்கிறாள். நேற்று வரைக்கும் இல்லாத இடத்தில் ஒரு வேப்பமரம் படுத்திருக்கிறது, தலைமாட்டில் சிவப்புத் துணி. வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. எட்டு மணிக்குள் எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. பிறகு யாரோ மரத்தைச் சுற்றி வாசல் தெளித்துக் கோலமும் போட்டார்கள். பெய்கிற மழையில் எதற்குத் தெளித்தார்கள் என்று கேட்கக்கூடாது.

விறகு பிளக்கும் மாணிக்கவேலும், ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்கும் கருப்பனும் அப்போதுதான் வந்தார்கள். கோடாலி, சம்மட்டி, இரும்பு ஆப்பு, ஆள் உயர ரம்பம் எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள்.

"என்ன மாணிக்கவேலு, செருப்பக் கழட்டிட்டுத்தான் அறுப்பியா?"

"அக்கா, மரத்த அறுக்கச் சொன்னா அறுப்பேன். ஆத்தாள அறுக்கச் சொன்னா எப்பிடி?"

"அது ஆத்தா இல்லப்பா. வண்டிக்குக் கட்டுன துணி. பின்னால வர்ற பஸ்ஸு வந்து மோதக் கூடாதுன்னு கட்டுனது."

ஆராயி இட்லித் தட்டோடு நின்றிருந்தாள். "மோதலயே. யாரு காப்பாத்துனா?" என்றாள்.

நான் தனக்கோடிக்குப் போன் போட்டு வரவழைத்தேன். துணியைக் கட்டினவனே வந்து சொல்லிவிட்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். அவனும் ஒழுங்காக வந்தான்.

"இந்தத் துணிய யாருப்பா கட்டுனது? எல்லாருக்கும் கேக்குறாப்பல சொல்லு."

"நான்தாங்க கட்டுனேன்" என்றான்.

"எதுக்குக் கட்டுன?"

"கட்ட நீளமா இருந்துதுங்க. அடையாளத்துக்கு."

கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல் ஆராயியைப் பார்த்தேன். தனக்கோடி அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"எங்கிட்ட செவப்புத் துணி ஏதுங்க. நல்லூர்ல அம்மன் கோயிலாண்ட வேலியில ஒண்ணு தொங்குனுது. அதத்தான் எடுத்துக் கட்டுனேன்."

சந்தில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனக்கோடியும் போட்டுக்கொண்டான். தான் என்ன செய்திருக்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது போலிருக்கிறது. மாணிக்கவேல் இரும்பு ஆப்பை எடுத்துச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டான். எனக்குத்தான் அன்றைக்கு ஆப்பு.

அடுத்து வந்த நாட்களில் மரத்துக்கு ஒரு தகரக் கூரை வந்தது. என் சூளைக்கு மேலே ஒழுகும் இடத்தை மாற்றத் தகரம் கேட்டபோது இல்லை என்று சொன்ன அதே ஆசாமி கொடுத்த தகரம். பெண்ணாடத்திலிருந்து கரும்பு லாரிக்காரன் ஒருவன் வழியில் இறங்கிச் சூடம் ஏற்றிவிட்டுப் போனான். நான் தினமும் சூளைக்குள் கையை விட்டு ஒரு விளக்கை எடுத்து அழுத்திப் பார்ப்பேன். முதலில் நகம் பதியவில்லை. பிறகு பதிந்தது. அன்று யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து அழுதேன்.

இதில் என் வயிற்றெரிச்சலை அதிகமாகக் கிளப்பியவர் என் வீட்டுக்காரர்தான். காலையில் குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, நேரே போய் அந்த மரத்துக்கு முன்னால் நிற்பார். சூடம் ஏற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். என்னிடம் ஒரு நாளைக்குப் பேசுவதைவிட அதிகம் அந்த மரத்திடம் பேசினார். ஆராயிக்கு அவரைப் பார்த்தாலே பூரிப்பு. "உங்க வூட்டுக்காரருக்கு இருக்குற பயபக்தி உனக்கு இருக்குதாம்மா?" என்று என்னைக் கேட்டாள். அவருக்கு இருப்பது பயபக்தி இல்லை, திருப்பூருக்கு டிக்கெட்டு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இவரே அறுக்கவிடமாட்டார், அதுவும் சாமி பேரில், என்று நான் முடிவே கட்டிவிட்டேன். சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தால் எழுந்து சந்துக்குப் போய் நின்று பேசிவிட்டு வருவார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார்.

ஒரு காலையில் சூடத்தை ஏற்றி முடித்துவிட்டு, ஆராயி, மாணிக்கவேல், கருப்பன், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போது அவராகவே பேசினார்.

"நாம சண்ட போட்டு என்ன ஆவுறது. அம்மாவையே கேட்டுடுவோம். பூ போட்டுப் பாத்துடலாம்."

பூ போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் உண்டு. பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொரு தாளில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். ஆராயி உடனே சட்டம் போட்டாள்.

"வெள்ள வந்தா அறுத்துக்கோ. செவப்பு வந்தா, அது அம்மா நெறம், அவ இங்கயே இருக்கப் போறான்னு அர்த்தம். அப்புறம் யாரும் இந்தக் கட்ட மேல கை வைக்கக் கூடாது. பானுமதி, உனக்குஞ் சேத்துதான் சொல்றேன்."

"சரி. பூவ யாரு மடிக்கிறது?" என்றேன்.

"நீ மடிக்கக் கூடாது" என்றாள் ஆராயி பட்டென்று. என்னை நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள். "நானும் மடிக்கல. தேவநாதந் தம்பி மடிக்கட்டும். அதுக்குத்தான் பொய்யி புரட்டு தெரியாது."

அவர் தலையாட்டிவிட்டு, பூப் பறிக்க உள்ளே போனார். போனவர் ஒரு தாம்பாளத்தில் தினசரித் தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களோடு வந்தார். மரத்தின் மேல் வைத்துத் தாம்பாளத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். மழைகூட அந்த நேரம் நின்றிருந்தது. அந்தப் பொட்டலத்துக்குள் என் பட்டறை இருந்தது, என் சக்கரம் இருந்தது, நான் நின்றுகொண்டிருந்த சந்து இருந்தது.

ஆராயி கண்ணை மூடி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேர் என்று இருந்தது.

ஆராயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேர்மையானவள், ஒரு வார்த்தை மாற்றிப் பேசவில்லை. "உத்தரவு ஆயிடுச்சி. அறுங்கப்பா" என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள். துணி கட்டிய முனையை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். இவர் மீதிப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மன் முன்னால் வைத்ததைக் கண்ட இடத்தில் போடக் கூடாதாம்.

மாணிக்கவேல் ரம்பத்துக்கு எண்ணெய் தடவினான். முதல் அறுப்பு துணிக்கு ஒரு முழம் கீழே. பாதி போனதும் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. கருப்பன் அறுத்த வாயில் ஒரு ஆப்பை வைத்துத் தட்டி விரித்துவிட்டான். முனை தனியாக விழுந்தது. துணி, மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் அதோடு போயின. நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் இட்லிக்கடைக்குப் பக்கத்தில் நட்டு, தகரத்தையும் பெயர்த்து அதற்கு மேலே போட்டார்கள். சந்து முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்த அம்மன் ஒரு முக்காலி உயரத்துக்கு அடங்கிவிட்டாள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

மிச்சம் கிடந்தது விறகு. யாரும் மறுபடி செருப்பைக் கழற்றவில்லை. முதலில் உருளை உருளையாக அறுத்தார்கள். பிறகு ஒவ்வொரு உருளையையும் நிமிர்த்தி, நடுவில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் போட்டார்கள். கணு இருந்த இடத்தில் ஆப்பு முக்கால்வாசி போய் நின்றுகொண்டு எல்லாரையும் திட்ட வைத்தது. வெளியே நனைந்து கறுத்திருந்த மரம், பிளந்தால் உள்ளே காய்ந்து கலகலவென்று இருந்தது. நல்லூரில் நின்றபடியே பட்டுக் காய்ந்த மரம். அந்த மழையில் அந்த வட்டாரத்திலேயே காய்ந்த விறகு அது ஒன்றுதான் இருந்திருக்கும். அதைப் பார்த்தபோதுதான், இதைத் தேடி இவர் எவ்வளவு அலைந்திருக்கவேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை ஒதுக்கிவைத்துவிட்டுக் கட்டைகளைப் பொறுக்கினேன்.

கடைசிக் கட்டையும் முறத்தளவுக்கு வந்த மறுநாள் காலையில் சூளை பற்றவைத்தோம். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சூளை வாய்க்குள் மெல்லிசான மரச் சிலாம்பை அடுக்கிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி எங்கே என்றேன். சட்டைப்பையில் என்றார். கையை விட்டால் தீப்பெட்டியோடு அந்தப் பொட்டலமும் வந்தது. தாள் பற்றவைக்க ஆகும். ஆனால் சாமிக்கு வைத்த பூவை எரிக்கக் கூடாது. பூவை எடுத்து வைத்துவிடலாம் என்று பிரித்தேன்.

நந்தியாவட்டை. வாடியிருந்தது. வாடினாலும் வெள்ளை வெள்ளைதானே.

பூவை அவர் பக்கம் நீட்டினேன்.

"ஏங்க. ரெண்டுலயும் வெள்ளதானா?"

அவர் திரும்பவில்லை. "செவப்பு கெடைக்கல" என்றார். "மழையில."

எங்கள் கேட்டுக்கு உள்பக்கம் செவ்வரளிச் செடி ஒன்று நிற்கிறது. அந்த மழைக்கு அது கொத்துக் கொத்தாகப் பூத்துச் சாய்ந்து கிடந்தது. அதில் இடிபடாமல் யாரும் உள்ளே வர முடியாது. அன்றைக்குப் பூப் பறிக்கப் போனவரும் அதில் இடித்துக்கொண்டுதான் போயிருப்பார்.

"சாமி காரியத்துல இப்பிடிப் பண்ணலாமா?" என்றேன்.

"அம்மாகிட்ட மொதல்லயே கேட்டுட்டேன்" என்றார். "தெனமும் காலையில போயி நின்னு வேற என்னத்தக் கேட்டேன்னு நெனச்ச?"

எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் இன்னும் சூளையே பற்றவைக்கவில்லை.

"உங்க அக்காவுக்கு என்ன சொல்றது?"

"சொல்லிட்டேன்" என்றார். "நெருப்புப் பெட்டியக் குடு. நமுத்துப் போயிடப் போவுது."

கொடுத்தேன்.