மூன்றாவதாகப் பிரித்த பூங்கா

துணிக்கடையில் பதினான்கு வருடம் நின்றே காய்த்துப்போன கால்கள் நம்மாளுடையவை. அத்தனை வருடத்தில் அவர் கற்ற வித்தை ஒன்றே ஒன்றுதான்: நல்ல சரக்கை முதலில் பிரிக்கக் கூடாது. சாயம் மங்கிய திரைச்சீலையை முதலில் விரிக்க வேண்டும். வந்தவர் முகம் சுளிக்கட்டும். அடுத்தது சுமார் ரகம், உதட்டைப் பிதுக்கட்டும். மூன்றாவதாக மேல் தட்டிலிருந்து ஒன்றை உருவி ஒரு உதறு உதறினால், அதுவரை கசந்த கண்ணுக்கு அது வானத்திலிருந்து இறங்கின துணியாகத் தெரியும்.

இந்த வித்தையைக் கட்டின மனைவியிடமே காட்டப் போனதுதான் வினை.

முதலாளி புது நகரத்தில் கிளை திறந்து இவரை அங்கே அனுப்பி வைத்தார். மூன்றாவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். அதைத் திறந்தால் நம் வீடு. பழைய ஊரில் தெருவையே இரண்டாக்கிய ஆறு வயது மகள் வாலு, இங்கே வந்ததும் சோபா மூலையில் சுருண்டுகொண்டாள். முதல் வாரமே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பிள்ள வாயே திறக்க மாட்டேங்குது. இந்த மாசத்துக்குள்ள ஊர் ஒட்டலைன்னா நானும் அவளும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுறோம். நீங்க லீவு கெடைக்கறப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

ஞாயிறுதான் கடையில் கூட்டம் அலைமோதும் நாள். இருந்தும் நம்மாள் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஞாயிறு மதியங்களில் விடுப்பு வாங்கினார்.

"குடும்பம் ஊரோட பழகுற வரைக்கும்தான்" என்றார் முதலாளி. "பழகிட்டா அன்னைக்கோட லீவு கட்."

அந்த வாரம் பூராவும் கடை திறக்கும் முன்பே பஸ் ஏறி நகரத்துப் பூங்காக்களை அலசினார். ஏரிப் பூங்கா ஒன்று கண்ணில் பட்டது. படகு, வாத்து, நிழல் என்று எல்லாம் இருந்தது. மேல் தட்டுச் சரக்கு! அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்.

முதல் ஞாயிறு, லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பூங்கா. நீரூற்றில் தண்ணீருக்குப் பதில் காய்ந்த இலை. மனைவி முகம் சுளித்தாள். நம்மாள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். இரண்டாவது ஞாயிறு, 'புல்லில் நடக்காதீர்' என்று எட்டு இடத்தில் எழுதி வைத்த பூங்கா. மனைவி உதட்டைப் பிதுக்கினாள். வியாபாரம் சரியான பாதையில் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறும் அதுதான். ரொட்டி, பழம், தண்ணீர் பாட்டில், விரித்து உட்காரக் கடைத் துண்டுத் துணி, எல்லாவற்றோடும் ஏரிப் பூங்கா வாசலில் போய் இறங்கினால், முழங்கை தடிமனில் சங்கிலி. பூட்டு. 'பராமரிப்புப் பணி. இரண்டு மாதம்.' கம்பிக்கு அந்தப் பக்கம் வாத்துகள் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன.

நம்மாள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "இதத்தான்மா கடைசியா காட்டலாம்னு வச்சிருந்தேன்..."

"கடைசியாவா? அப்ப முன்னாடி காட்டுனதெல்லாம்?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்கிட்டயே கடைய விரிச்சிருக்கீங்க. சரி, பைய எடுங்க. வீட்டுக்குப் போலாம்."

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் நம்மாள். மனசுக்குள் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. இறங்கியதும் மனைவி வீட்டுப் பக்கம் திரும்பாமல், தையல்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே போன சந்தில் நுழைந்தாள். சந்து முடிந்த இடத்தில் ஒரு சின்னப் பூங்கா. நாலு மரம், இரண்டு ஊஞ்சல், ஒரு ஏறுகம்பி. இவ்வளவுதான். நகரம் பூராவும் அலசியவர் தன் வீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

வாலு கையை உதறிக்கொண்டு பறந்தாள். "அந்த ஊஞ்சல் வேணாம், அது கத்தும்! இதுல வா!" என்று எவளோ ஒரு சிறுமியை இழுத்தாள். பெஞ்சிலிருந்த தையல்கடை அம்மா கையை ஆட்டினாள்.

"வாங்கக்கா! என்ன, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் வந்துட்டீங்க? ஓ, இவருதான் உங்க வீட்டுக்காரரா?"

நம்மாள் மனைவியைப் பார்த்தார். அவள் மரத்தைப் பார்த்தாள்.

"எத்தன நாளா வர்றீங்க?"

"ரெண்டு வாரமா. தெனம் சாயங்காலம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வாலுகிட்டயும் சொல்லி வச்சேன்."

"ரெண்டு வாரமா! அப்ப அண்ணன் வீட்டுக்குப் போறேன்னது?"

"மொத வாரம் நெசமாத்தான் சொன்னேன். அப்புறம்தான் இந்த எடம் கண்ணுல பட்டுச்சு. ஊரு புடிச்சிருச்சுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அடுத்த ஞாயித்துக்கிழமை கடைக்கு ஓடிடுவீங்க. கல்யாணம் ஆகி எட்டு வருசத்துல நீங்க எங்ககூட வெளிய வந்தது இந்த மூணு ஞாயிறுதான். புடிச்ச துணிய புடிச்சிருக்குன்னு எந்தப் பொம்பளையாவது கடைக்காரன்கிட்ட சொல்லுவாளா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி ஓரமாக வைத்தது போலிருந்தது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்னவிடப் பெரிய கை நீ."

போன் அடித்தது. முதலாளி. பின்னணியில் கடை இரைச்சல்.

"என்னப்பா, பழகிட்டாங்களா?"

வாலு ஏறுகம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மனைவி தையல்கடை அம்மாவின் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க முதலாளி... பிள்ள இன்னும் வாயே திறக்க மாட்டேங்குது."

"அப்பா! இங்க பாருங்கப்பா!"

"அது யாரு சத்தம்?"

"பக்கத்து வீட்டுப் பிள்ள முதலாளி."

முதலாளி நேரே பேரத்துக்கு இறங்கினார். "இன்னும் எத்தன ஞாயிறு வேணும்?"

"எட்டு."

"ரெண்டு."

"ஆறாவது குடுங்க முதலாளி."

"நாலு. அதுக்கு மேல பேசாத."

கட்டுப்படியாகாத குரலில் ஒரு பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார் நம்மாள். மனசுக்குள் அவர் எதிர்பார்த்தது மூன்றுதான்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பதினான்கு வருடத்துக் கால்களைப் புல்லில் நீட்டினார். நடக்காதே என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.