நீலக் குழாயில் எடுத்த ரத்தம்

அந்த போர்டின் மேல் கிருபாகரனுக்கு இருந்த பாசம் பெற்ற பிள்ளை மேல்கூட இருந்திருக்காது. காலையில் வந்ததும் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் கை கழுவவே போவான். அம்பத்தூரில் பிள்ளைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்கிற ஒரு டிரஸ்ட் சென்டரில் அவன் தலைமை டெக்னீஷியன். போர்டில் பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் ஒரு நம்பர். மாதம் ஒரு நாள் டயாலிசிஸுக்கு முன்னால் கொஞ்சம் ரத்தம், முடிகிறபோது கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். யூரியா நூற்றுக்கு எவ்வளவு குறைந்தது என்பதுதான் அந்த நம்பர். அறுபத்தைந்து வந்தாலே போதுமாம். எங்கள் போர்டில் தொண்ணூறுக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

"பெரிய பெரிய ஆஸ்பத்திரியிலயே எழுவது தாண்டல, பாத்துக்கோங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். நன்கொடை கொடுக்க வந்தவர்கள் போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் பக்கத்தில் நின்றால் வாந்தி நாற்றம் அடிக்கும் அல்லவா?

என் மகள் ரெனிதாவின் நம்பர் தொண்ணூற்றொன்று. வயது பதினொன்று. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. பள்ளிக்கூட மாடிப்படி ஏற முடியவில்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் தைத்த கவுனில், வளர்வாள் என்று நாலு விரல் மடித்து அடித்திருந்தேன். அந்த மடிப்பை இன்னும் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை மட்டும் வருகிற டாக்டரம்மாவிடம், இவளுக்கு நேரத்தைக் கூட்டிப் பாருங்களேன் என்று கேட்டேன். அவர் பைலைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "தொண்ணூத்தொண்ணு வருதேம்மா. மூணு மணி நேரமே தாராளம். வீட்ல ஒழுங்கா சாப்பிட வைங்க."

வீட்டில்! எல்லாப் பழியும் வீட்டுக்குத்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் பாரிவாக்கத்துச் சந்தோஷ் தூக்கத்திலேயே போய்விட்டான். ஒன்பது வயது. அவன் நம்பர் தொண்ணூற்றுமூன்று, போர்டிலேயே முதல். அவன் அம்மா வேம்புலியம்மாள் பைலை வாங்க வந்தபோது கிருபாகரன் கேட்டான், "நம்பர் சூப்பரா கீதே, ஊட்ல இன்னா குடுத்தீங்க?" அரை வாழைப்பழம் கொடுத்தேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கிட்னி போன பிள்ளைக்கு வாழைப்பழம் ஆகாது, அதிலுள்ள உப்பு ரத்தத்தில் சேர்ந்தால் இதயம் நின்றுவிடும் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "அரைப் பழத்துக்குப் புள்ளய வாரிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவளை நினைத்தால் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன். பதினாலு வருடமாக இரும்புச் சாமான் அளக்கிற கை இது. அளக்கிற கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேஜையில் அச்சான அளவில் செய்த ஒரு மாஸ்டர் பீஸ் வைத்திருப்போம். ஒரு சோம்பேறி, செய்த சாமானை விட்டுவிட்டு அந்த மாஸ்டர் பீஸையே நாற்பது தடவை அளந்து எழுதினான். நாற்பதும் ஒரே அளவு. ஷீட்டைப் பார்த்த நிமிடமே சூப்பர்வைசர் அவனை கேட்டுக்கு வெளியே தள்ளினார்.

காலையில் ரெனிதாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன், கூட இருப்பது என் வீட்டுக்காரர்தான், நாற்காலியில் குறட்டை விடுவார். போன மாதம் ஒரு சனிக்கிழமை கம்பெனி லீவு, நானே கூட இருந்தேன். மூன்று மணி நேரம் அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. ஒரு பிள்ளை பன்னிரண்டு கிலோ, ஒரு பிள்ளை முப்பது கிலோ. எல்லாருக்கும் எப்படி ஒரே அளவு வரும்? எனக்கு அந்தச் சோம்பேறியின் ஷீட் ஞாபகம் வந்தது.

அன்று ரத்தம் எடுக்கிற நாள். பிள்ளையின் உடம்பிலிருந்து ரத்தம் சிவப்புக் குழாயில் போகும், பில்டரில் சுத்தமாகி நீலக் குழாயில் திரும்பி வரும். ஆரம்பத்தில் சிவப்பில் எடுத்த கிருபாகரன், முடிகிறபோது நீலத்தில் ஊசியைச் செருகினான்.

"இன்னா நைனா, எங்கேந்து எடுக்கிற?"

"எல்லாம் ஒரே ரத்தம்தான்க்கா. இந்தப் பக்கம் கைக்கு வாட்டமா கீது."

"அது இப்பதான் கழுவிகினு வர்ற ரத்தம். எம்பொண்ணு உள்ள எவ்ளோ அழுக்கு கீதுன்னு அது எப்டி சொல்லும்?"

"டெக்னீஷியன் நீயா, நானா? மூணு வருசமா இப்டிதான் எடுக்கிறேன்."

"மூணு வருசமா மிசினை அளந்துகினு கீற. புள்ளய எவன் அளந்தான்?"

அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எந்தக் குழாயில் எடுத்தான் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு போனை அவனிடம் கொடுக்கச் சொன்னார். பம்பை மெதுவாக்கிச் சிவப்பிலும் எடு, இரண்டையும் அனுப்பு என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தான்.

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. ஒரே நாள், ஒரே பிள்ளை. நீலம் தொண்ணூற்றிரண்டு. சிவப்பு நாற்பத்தொன்பது.

வியாழக்கிழமை டாக்டரம்மா மூன்று மணி நேரத்தை நாலரை ஆக்கினார், பில்டரையும் பெரிதாக மாற்றினார். மற்ற பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. கிருபாகரன் ஒரு தாயிடமாவது மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். சே! போர்டை அழிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவன் துக்கம். ஒவ்வொரு நம்பராக அழித்தவன் மேலே வந்ததும் நின்றான். சந்தோஷ், தொண்ணூற்றுமூன்று. நல்ல நம்பர் என்று அதை மட்டும் இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்தான், பாவி.

"டாக்டர், ஒழுங்கா சுத்தம் பண்ணியிருந்தா அந்த அரைப் பழம் இன்னா பண்ணியிருக்கும்?" என்று கேட்டேன்.

"தாங்கியிருப்பான்னுதாம்மா தோணுது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அங்கிருந்து நேராகப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன், அங்கிருந்து பாரிவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. வேம்புலியம்மாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒதுங்கினாள். இன்னொரு தடவை திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

சிவப்பு, நீலம், போர்டு, எல்லாவற்றையும் சொன்னேன். "பழத்தால இல்ல வேம்புலி. அன்னிக்கு நான் பேசினது தப்பு. நாக்குல புழு வெக்கணும் எனக்கு" என்றேன்.

கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"முழுப் பழமா கேட்டான்க்கா" என்றாள். "கெஞ்சினான். டாக்டர் திட்டுவாங்கன்னு பாதிய நான் புடுங்கித் துன்னுட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ முழுசாவே குடுத்திருக்கலாமாக்கா?"