அருள்மொழி பிளாக் பண்ண நம்பர்

நாலு நாளா புருசனுக்குப் போன் அடிச்சு அடிச்சு அருள்மொழிக்கு விரலே தேஞ்சு போச்சு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு ஒரு பொம்பள சொன்னதையே சொல்றா. எப்ப உள்ள வருவாருன்னு சொல்லித் தொலைக்கிறாளா? அதான் இல்ல.

காடாம்புலியூர்லேர்ந்து முந்திரிப்பருப்பு லோடு ஏத்திக்கிட்டு ராஜ்கமல் ஸ்ரீநகருக்குக் கெளம்புன அன்னிக்கு அப்பனுக்கும் மவனுக்கும் வாய்ச்சண்டை. "இனிமே உங்ககிட்டப் பேசவே மாட்டேன்"னுட்டு லாரி ஏறிட்டான். ஒரு வாரங்கூட ஆவல, மாமனார் ஞானசேகரன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாரு. கடலூர்ல பாத்துட்டு, சிதம்பரத்துக்குக் கொண்டு போங்கன்னாங்க. இங்கயும் டாக்டர் கைய விரிச்சிட்டாரு. மனுசனுக்கு ஒரே பேச்சுதான்: "புள்ள போன் பண்ணானா?"

"வீம்புக்கு ஆஃப் பண்ணி வச்சிருக்கான், கல்நெஞ்சக்காரன்"னு மாமியார் மங்கலம் அழுதா. அருள்மொழிக்கும் அப்படித்தான் பட்டுச்சு, வயித்தெரிச்சல் தாங்கல. இதுல மூணு நாளைக்கு முன்ன ஏதோ புது நம்பர்லேர்ந்து வேற போன். எடுத்தவொடனே ஒருத்தன் இந்தியில ஆரம்பிச்சான். இந்தி பேசுனா திருட்டுப் பசங்க, வச்சிடுங்கன்னு மகளிர் குழுவுல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. அன்னிக்கே பிளாக் பண்ணிட்டா.

ஒருவேள ரீசார்ஜ் முடிஞ்சிருக்குமோன்னு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல இருந்த தேவசகாயம் செல்போன் கடைக்குப் போனா. அவரு நம்பரத் தட்டிப் பாத்தாரு.

"வேலிடிட்டி இருக்கேம்மா. ஆளு எங்க?"

"காஷ்மீருக்கு லோடு போயிருக்காருண்ணே."

"நம்மூரு பிரீபெய்டு சிம்மு அங்க எடுக்காதும்மா, எவ்வளவு போட்டாலும் எடுக்காது. அந்த ஊருக்காரங்க போன வாங்கித்தான் பேசணும். புது நம்பர் எதுனா வந்துச்சா?"

பாவி, என் கையாலயே அடைச்சிட்டேனேன்னு அருள்மொழி தலையில அடிச்சிக்கிட்டா. பிளாக்க எடுத்துட்டு அந்த நம்பருக்குப் போட்டா. அதே இந்திக்காரன். "ராஜ்கமல், ராஜ்கமல்"னு மட்டும் சொல்ல வந்துச்சு. அந்த மனுசன் யாரையோ சத்தம் போட்டுக் கூப்புட்டான்.

"அருளு, ஏன்டி எடுக்கல? மலை சரிஞ்சு வண்டியெல்லாம் நிக்கிது. டாபாக்காரரு அவரு போன்லேர்ந்து போட்டுத் தர்றாரு, மூணு நாளா அடிக்கிறேன். அப்பாகிட்டக் குடு. அன்னிக்கு வாய விட்டுட்டேன், மனசே ஆறல."

"வச்சிடாத மாமா."

ரோட்டக் கடந்து, மாடிப்படி ஏறி ஓடுனா. வார்டுல நர்சு வெள்ளைத் துணிய மாமனார் மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டிருந்துச்சு. மங்கலம் கட்டிலப் புடிச்சிக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தா.

அருள்மொழி துணிய வெலக்கி, போன அவரு காதுல வச்சா.

"அப்பா, நான்தாம்ப்பா. கோவமாப்பா? வந்தவொடனே கால்ல உழுறேன். அருளு, அவருக்குக் கேக்குதா?"

மங்கலம் ஓன்னு அழ வாயத் தொறந்தா. அருள்மொழி அந்த வாய இன்னொரு கையால பொத்திப் புடிச்சிக்கிட்டா.

"கேக்குது மாமா. பேசு."