ஸ்டேபிள்

பன்னிரண்டாவது நாளும் குணவதி பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, கணவரைப் பார்க்கத் தீவிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாதி நஜ்வா அன்றும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். ஸ்டேபிள். மற்றதெல்லாம் மலாயில் பேசுகிறவள், இதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வாள்.

குணவதி அதைப் பத்திரமாக வாங்கிவந்து கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தாள். பிறை ஊரிலிருந்த நாத்தனாருக்கு, கோயில் தலைவருக்கு, மெல்பர்னில் வேலைபார்க்கும் மகன் ஷர்வினுக்கு. கேட்டவர்கள் அப்பாடா என்றார்கள். ஷர்வின் இரண்டு முறை பயணத்தைத் தள்ளிப்போட்டான். பாழாய்ப்போன வார்த்தை, அவளைத் தவிர எல்லோரையும் நிம்மதியாகத் தூங்க வைத்தது. வாசு கண் திறந்தாலும் சரி, திறக்காமலே போனாலும் சரி, மகன் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

வாசு முப்பது வருஷம் கார் ஏற்றும் பழைய ஃபெரியில் வேலை பார்த்தவர். ஆடும் தளத்தில் நின்று பழகி, பசாரில் மீன் வாங்கும்போதும் காலை அகட்டித்தான் நிற்பார். தரை ஆடவில்லை, சும்மா நில்லுங்கள் என்று அவள் கேலி செய்வாள். மூளையில் ரத்தம் கசிந்து அவர் விழுந்த நாளிலிருந்து அவளுக்குத்தான் தரை ஆடியது. பச்சைத் திரை, யந்திரத்தின் மூச்சு, வரிசைக் கட்டில்கள் எல்லாம் மெல்லக் கரையை விட்டு நகர்வது போலிருக்கும். பயமாக இல்லை, இரவெல்லாம் வராத தூக்கம்தான் வந்தது.

அப்போது ஷர்வின் ஃபோனில் கூப்பிட்டான். அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டுவிட்டாள். அவன் கணினியில் தேடிப் படித்தான். மாறாமல் இருப்பதாம். ஏணிக்கும் சொல்வார்களாம், அரசாங்கத்துக்கும் சொல்வார்களாம். லத்தீனில் நிற்பது என்ற சொல்லிலிருந்து வந்ததாம்.

"நிக்கக்கூடியது, சாயாததுன்னு வச்சுக்கோம்மா."

குணவதி கட்டிலைப் பார்த்தாள்.

"ஒங்கப்பா படுத்துல்ல கெடக்குறாரு, தம்பி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாளைக்கே வர்றேம்மா."

அவள் ஃபோனை மடியில் வைத்தாள். போர்வைக்குள் அவர் பாதங்கள் இப்போதும் அகன்றே இருந்தன. நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப்போட்டு, போர்வையை விலக்கி, ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் உள்ளங்கையைத் தரைபோல முட்டுக்கொடுத்தாள்.

"புள்ள வர்றான். அதுவரைக்கும் நில்லுங்க."

கட்டில் ஆடிக்கொண்டு போனது. அவள் கையை எடுக்கவில்லை.